ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்து

ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று தலத்தெருவிலிருந்து சைக்கிள் மிதித்த வழியெல்லாம் ஞானசௌந்தரி யோசித்துக்கொண்டே வந்தாள். அந்த யோசனைக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குள் அவள் காலெடுத்து வைத்ததுமே தங்கையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"என்னா குடுத்தனுப்பிச்சிருக்க நீ? வந்து பாரு."

"வா ஞானம்" என்று சொன்னது அண்ணி செல்லம்தான். முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். ஞானசௌந்தரி உட்காரவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள்.

நேற்று அவள் கொடுத்தனுப்பிய பிளாப்பிதான். அதில் இருந்தது அவள் அடித்த இங்கிலீஷ் பக்கங்கள். ஆனால் திரையில் தெரிந்தது இங்கிலீஷும் இல்லை, வேறு எந்தப் பாஷையும் இல்லை. சொற்களுக்கு நடுவே கொக்கிகளும் கோடுகளும் பெயர் தெரியாத வடிவங்களுமாக, எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டாற்போல இருந்தது.

"எம்மிஷின்ல நல்லாத்தான் இருந்துது" என்றாள்.

"உம்மிஷின்ல இருந்து என்னா பிரயோசனம்? டெல்லிக்காரங்க அந்த டப்பாவையா தூக்கிட்டுப் போவப்போறாங்க?"

ஆறு மாதத்துக்கு முன்பு அந்த 'டப்பா' என்ற சொல்லில்தான் சண்டையே ஆரம்பித்தது. படகுக்காரர் சுப்ராயனின் பிள்ளைகள் இருவரும் ஒன்றாகத்தான் தொழில் தொடங்கினார்கள். காரைக்காலில் கம்ப்யூட்டரை அதிகம் பேர் கண்ணால் பார்த்திராத காலம். பழைய மிஷின் ஒன்றை வாங்கி, அதில் பக்கங்கள் அடிக்கிற வேர்டுஸ்டார் மென்பொருளைப் போட்டு, விண்ணப்பமும் ஆய்வுக் கட்டுரையும் அடித்துக் கொடுத்தார்கள். பிறகு தங்கையனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமனார் தயவில் புது மிஷின் வந்தது. அதில் வேர்டுபெர்ஃபெக்ட் என்ற வேறு மென்பொருள் இருந்தது. "இனிமே எல்லா ஆபீஸ்லயும் இதுதான். அந்த டப்பாவத் தூக்கிப் போட்டுட்டு எங்கிட்ட வந்து வேல பாரு" என்றான் தங்கையிடம். சேர்ந்து தொழில் பார்த்தவளை வேலைக்கு வா என்று கூப்பிட்டால் பொறுப்பாளா? பழைய மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு தலத்தெருவில் ஒற்றை அறை பிடித்து, 'அலை கம்ப்யூட்டர்ஸ்' என்று பலகை மாட்டிவிட்டாள்.

அப்பாவாலும் அம்மாவாலும் முடியாததை நீலமேகம் மாமா செய்து பார்த்தார். அம்மாவின் தம்பியான அவர்தான் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர். அரசலாறு கடலில் சேருகிற முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடந்தது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மீனோடு திரும்புகிற படகுகள் அந்த மேட்டில் தட்டிக் கவிழ்ந்தன. அதைப் பார்வையிட டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது என்றதும், கொடுக்க வேண்டிய அறிக்கையை மாமா இரண்டாகப் பிரித்தார். ஆழம், நீரோட்டம், தூர்வாரும் செலவு எல்லாம் தங்கையனுக்கு. கவிழ்ந்த படகுகளின் கதை, பறிகொடுத்தவர்களின் வாய்மொழி ஞானசௌந்தரிக்கு. "ஆளுக்குப் பாதி. சேர்த்துக் குடுக்கற வேலையாச்சும் ஒண்ணா செய்ங்க" என்றார்.

இன்று சாயந்தரம் குழு வருகிறது. காகிதத்தில் ஒன்று, பிளாப்பியில் ஒன்று வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பிளாப்பி வேர்டுபெர்ஃபெக்டில் இருக்க வேண்டும். அவர்கள் ஆபீஸ் மிஷின் வேறு எதையும் படிக்காதாம்.

"மாத்திக் குடுக்கறதுக்குன்னு தனியா ஒரு பிளாப்பி உண்டாம்ல?" என்று செல்லம் கேட்டாள்.

"உண்டு. மெட்ராசுல மிஷின் வித்தவன் அதக் குடுக்கல. ட்ரங்க் கால் போட்டுக் கேட்டாச்சு. அனுப்பி வைக்கிறேங்குறான், அது வர்றதுக்குள்ள டெல்லிக்காரங்க டெல்லிக்கே போயிடுவாங்க." தங்கையன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "ஒரே வழிதான் இருக்கு. உம்பாதியச் சுருக்கி மூணு நாலு பக்கமா நானே அடிச்சிடுறேன். இத்தனை படகு கவுந்துது, இத்தனை பேரு செத்தாங்க. அது போதும்."

"போதுமா?"

"இஞ்சினியருங்க ஞானம் அவங்க. ஒப்பாரியா படிக்கப்போறாங்க?"

ஞானசௌந்தரிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பக்கங்களுக்காக அவள் குப்பத்தில் ஏறாத வாசல் இல்லை. சொல்ல மாட்டேன் என்று கதவடைத்தவர்கள் உண்டு. சொல்ல ஆரம்பித்துவிட்டு முடிக்க முடியாமல் எழுந்து போனவர்கள் உண்டு. படகு கவிழ்ந்ததில் ஒடிந்த காலை நீட்டிக்கொண்டு, கருப்பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். கேட்ட இவளுக்குத்தான் தாங்கவில்லை.

"சுருக்குறதா இருந்தா எம்பேர எடுத்துடு. நான் போறேன்."

"போ! கோச்சுக்கிட்டுப் போறது உனக்கு என்ன புதுசா?"

அவள் வாசல்வரை போய்விட்டாள். செருப்பில் ஒரு கால் நுழைந்தும் விட்டது. அப்போது உள்ளே செல்லம் படிக்கத் தொடங்கினாள்.

செல்லம் காலேஜ் வரைக்கும் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கடையில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கப் பழகியிருந்தாள். இப்போது திரைக்கு வெகு அருகே முகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கொக்கிகளுக்கு நடுவே சொல் சொல்லாகத் தடவித் தடவி இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொன்னாள்.

"அன்னிக்குக் காத்தே இல்ல... காசியம்மா சொல்றாங்க... நான் கரையில கூடையோட நின்னேன். படகு வர்றது தெரிஞ்சுது. எம்புருசன் கைய ஆட்டுனாரு. இன்னைக்கு நல்ல மீன்பாடுன்னு... அதுக்கு அர்த்தம். நானும் கைய ஆட்டுனேன். அப்பறம் படகு அடியில எதுவோ..." செல்லம் நிறுத்தினாள். ஒரு சொல் பிடிபடவில்லை. "தட்டுன மாதிரி நின்னுச்சு. நான் ஆட்டுன கைய எறக்கறதுக்குள்ள..."

அதற்கு மேல் செல்லமும் படிக்கவில்லை.

தங்கையன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். காசியம்மாவை அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் வீட்டுக் கருவாட்டுப் பாயில் படுத்துத் தூங்கி அடி வாங்கியிருக்கிறான். அவள் புருஷன் செத்த செய்தியும் தெரியும். கையாட்டினது தெரியாது.

"இத எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லியே" என்றான்.

"நீ கேக்கல" என்றாள் ஞானசௌந்தரி வாசலில் நின்றபடியே. குத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்படியே வாயில் வந்தது.

செல்லம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்க பாருங்க ரெண்டு பேரும்" என்றாள். "நான் எப்புடிப் படிச்சேன் தெரியுமா? எல்லா எழுத்தும் கெடல. ஒவ்வொரு சொல்லுலயும் கடைசி எழுத்து மட்டுந்தான் கெட்டுருக்கு. 'போட்'டுன்னா முதல் மூணு எழுத்தும் நல்லா இருக்கு, கடைசி டி-க்குப் பதிலா கொக்கி. இன்னொரு சொல்லுலயும் டி வந்தா அதே கொக்கி."

தங்கையன் குனிந்து பார்த்தான். ஞானசௌந்தரியும் செருப்பை உதறிவிட்டு வந்து பார்த்தாள். அண்ணன் தோளுக்கும் தங்கை தோளுக்கும் நடுவில் செல்லத்தின் தலை மாட்டிக்கொண்டது. அவள் நகரவில்லை.

"வரிய ரெண்டு பக்கமும் சமமா நிறுத்தறதுக்கு வேர்டுஸ்டார் ஏதோ அடையாளம் போட்டுக்கிது போல" என்றான் தங்கையன். "சொல்லு எங்க முடியிதுன்னு அதுக்குத் தெரியணும்ல? கடைசி எழுத்துமேல புள்ளி வச்சுக்குது. அதுக்குப் புரியிது, இதுக்குப் புரியல."

"ஆனா காயிதத்துல நல்லாத்தானே வருது? நான் பிரிண்ட் போட்டப்ப ஒரு கொக்கியும் இல்ல."

"அப்ப பிரிண்டருக்கு அனுப்பறப்போ அதுவே அந்தப் புள்ளிய எடுத்துட்டு அனுப்புது."

"எடுத்து என்னா புண்ணியம்? காயிதத்துலல்ல விழுது. காயிதத்த பிளாப்பிக்குள்ள தள்ள முடியுமா?"

தங்கையன், ஆறு மாதத்தில் முதல் முறையாக, தங்கை முகத்தை நேராகப் பார்த்தான்.

"ஞானம், உனக்கு ஞாபகம் இருக்கா? மொத மொத மிஷின் வாங்குன வாரம். நீ பிரிண்ட் போட்ட, பிரிண்டர் அசையவே இல்ல. ரிப்பேருன்னு துணியில கட்டி மடியில வச்சுக்கிட்டு, தஞ்சாவூருக்கு பஸ்சுல போனமே..."

"அங்க அந்த ஆளு சிரிச்சான்" என்றாள் அவள். "பிரிண்டருக்கு ஒண்ணுமில்ல, மிஷின் கேட்ட கேள்விக்குத் தப்பா பதில் சொல்லிட்டீங்கன்னு..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்துவிட்டது.

பிரிண்ட் போடுவதற்கு முன்னால் வேர்டுஸ்டார் வரிசையாகக் கேள்விகள் கேட்கும். முதல் கேள்வியே இதுதான். காகிதத்துக்குப் பதில் பிளாப்பியிலேயே ஒரு கோப்பாக அச்சிடவா? ஆம் என்றால் 'ஒய்' சாவி, இல்லை என்றால் 'என்' சாவி. அந்த முதல் வாரத்தில் தெரியாமல் ஒய்யைத் தட்டினாள். பிரிண்டர் சும்மா கிடந்தது. பிரிண்டருக்குப் போக வேண்டியது பிளாப்பியில் புதுக் கோப்பாகச் சேர்ந்திருந்தது. என்னமோ குப்பை என்று அதை அழித்துவிட்டார்கள். அதற்கப்புறம் இத்தனை காலமும் அந்தக் கேள்வியைப் படிக்காமலே 'என்' சாவியைத் தட்டிப் பழகிப்போயிற்று.

"வண்டிய எடு" என்றாள் அண்ணனிடம். ஒரு நிமிஷம் கழித்துத்தான் அண்ணனையே ஏவிவிட்டோமே என்று தோன்றியது. அதற்குள் அவன் மொபெட்டைக் கிளப்பியிருந்தான்.

தலத்தெருவில் அவள் அறைக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு உள்ளே வந்தான். சிறிய அறைதான். ஜன்னலுக்கு நீலத் துணித் திரை. மிஷின்மேல் தூசி விழாமல் உறை தைத்துப் போட்டிருந்தாள். தட்டச்சு கற்றுக்கொள்ள வந்த இரண்டு பெண்கள், யாரோ அதிகாரி வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க. நான் அண்ணன்" என்றான் அவசரமாக.

ஞானசௌந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உறையை எடுத்தாள். பச்சை எழுத்துத் திரை கண் விழித்தது. கோப்பின் பெயரைக் கொடுத்தாள். கேள்வி வந்தது. அவள் விரல் பழக்கதோஷத்தில் 'என்' சாவிக்குப் போயிற்று.

"ஒய்!" என்று கத்தினான் தங்கையன்.

"தெரியும், இரு!"

ஒய்யைத் தட்டினாள். பிரிண்டர் அசையவில்லை. பிளாப்பி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சுண்டெலி அரிசி மூட்டையைக் கொறிப்பது போன்ற அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நின்றது. பட்டியலில் புதுக் கோப்பு ஒன்று தெரிந்தது.

திரும்பி வந்து அவன் மிஷினில் திறந்தபோது செல்லம் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

கொக்கிகள் இல்லை. 'போட்' படகாகவே இருந்தது.

"வந்துட்டுது!" என்று ஞானசௌந்தரி அண்ணன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். சின்ன வயதில் வைத்த அதே அடி. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. காகிதத்துக்கென்று அச்சிட்ட கோப்பு என்பதால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக முறிந்து நின்றது. ஒன்றின்மேல் ஒன்றாக அடித்து அழுத்தமாக வர வேண்டிய தலைப்புகள் இரண்டு மூன்று தடவை வந்திருந்தன. பக்கத்துக்குப் பக்கம் உட்கார்ந்து வரிகளை ஒட்ட வேண்டும், தலைப்புகளைக் களைய வேண்டும். செல்லம் மூலப் பிரதியை உரக்கப் படித்தாள். ஞானசௌந்தரி திரையைப் பார்த்து "சரி, சரி" என்றாள். தங்கையன் விரல்கள் ஓடின. கை வலித்தால் அண்ணன் எழுந்துகொள்வான், தங்கை உட்காருவாள். புது மிஷினில் எந்தச் சாவி எதற்கு என்று அவன் சொல்லிக்கொடுத்தான். அவள் ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்கவில்லை.

மத்தியானச் சோற்றை யாரும் நினைக்கவில்லை. பாதிக்கு மேல் தாண்டியபோது மின்விசிறி தயங்கியது, சுழன்றது, நின்றது. திரை இருண்டுபோயிற்று.

கரண்ட் போய்விட்டது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவில் சைக்கிள் மணிகள்கூடத் தெளிவாகக் கேட்டன.

"சேமிச்சியா?" என்று தங்கையன் கேட்டான்.

"நீ சேமிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"நான் சேமிச்சேன்" என்றாள் செல்லம். "நீங்க எடம் மாத்தி உக்காரறப்பல்லாம் நடுவுல கைய விட்டு ஒரு சாவியத் தட்டுனேனே, பாக்கல? உங்க ரெண்டு பேரு பேச்சு சுவாரசியத்துல எங்க பாத்தீங்க."

ஞானசௌந்தரி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஆறு மாதமும் அண்ணனோடு பேசாததில் இவளோடும் பேசாமல் இருந்துவிட்டோமே என்று உறுத்தியது. "அண்ணி, நீங்க தலத்தெருவுக்கு ஒரு நாள் வாங்க" என்றாள்.

"கூப்புடத்தான் ஆள் இல்ல" என்று சிரித்தாள் செல்லம்.

கரண்ட் வந்தது. வேலையும் முடிந்தது. பிரிண்டர் வாயிலிருந்து கடைசித் தாள் இறங்கியபோது நீலமேகம் மாமா வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு. அறிக்கையைப் பார்க்கவில்லை அவர். ஒரே மேஜையில் குனிந்திருந்த இரண்டு தலைகளையும் பார்த்துவிட்டு, "ம்ம்" என்றார், அவ்வளவுதான்.

சாயந்தரம் அரசு விருந்தினர் மாளிகையில் குப்பமே கூடியிருந்தது. சுப்ராயன் தூண் ஓரமாகக் கைகட்டி நின்றார். குழுவின் தலைவர் ஓர் அம்மாள் என்று தெரிந்ததும் ஆண்கள் மத்தியில் சின்னதாக ஒரு சலசலப்பு. நரை ஓடிய தலை, பருத்திப் புடவை, வங்காளத்துப் பொறியாளர். அவர் பேசியதைத் தமிழில் சொல்ல மீன்துறை அலுவலர் வைத்திலிங்கம் பக்கத்தில் இருந்தார்.

பிளாப்பியை உதவியாளர் வாங்கிக்கொண்டு போனார், கொண்டுவந்திருந்த மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தங்கையனும் ஞானசௌந்தரியும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அந்த அம்மாள் காகிதப் பிரதியைப் புரட்டினார். ஆழக் கணக்குகளில் அங்கங்கே பென்சிலால் கோடு போட்டார். பிறகு காசியம்மா பக்கத்துக்கு வந்தார். பென்சில் நின்றது. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார் என்று ஞானசௌந்தரிக்குத் தோன்றியது. கூட்டத்தில் தன் பெயர் அடிபடுகிறதோ என்று காசியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இத எழுதுனது யாருன்னு கேக்குறாங்க" என்றார் வைத்திலிங்கம்.

தங்கையன் தங்கையை முன்னால் தள்ளினான். "எந்தங்கச்சிங்க. அலை கம்ப்யூட்டர்ஸ், தலத்தெரு."

அந்த அம்மாள் நிமிர்ந்து ஞானசௌந்தரியைப் பார்த்து ஏதோ சொன்னார். இங்கிலீஷ் புரிந்ததால் வைத்திலிங்கம் வாய் திறப்பதற்கு முன்பே அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"நாளைக்கு விடிகாலையில படகுல போயி அந்த மணல்மேட்டப் பக்கத்துல நின்னு பாக்கணுமாம்" என்று வைத்திலிங்கம் கூட்டத்துக்குச் சொன்னார். "அம்மாவே நேர்ல வர்றாங்க. எந்த எடத்துல யாரு படகு கவுந்துதுன்னு சொல்றதுக்கு, இந்தப் பொண்ணும் கூட வரணும்ங்குறாங்க."

சலசலப்பு அடங்கிப்போயிற்று. குப்பத்தில் எந்தப் பெண்ணும் இதுவரை படகில் ஏறியதில்லை. ஏற்றியவர்களும் இல்லை.

நீலமேகம் மாமா தொண்டையைச் செருமினார். "இது பஞ்சாயத்துல வச்சுப் பேச வேண்டிய விஷயம், மச்சான்" என்றார் சுப்ராயனிடம் தாழ்ந்த குரலில். "நாலு பேரு நாலு விதமா சொல்லுவாங்க."

"பேசுங்க" என்றார் சுப்ராயன். தூணை விட்டு நகர்ந்து மகள் பக்கத்தில் வந்து நின்றார். வைத்திலிங்கத்தைப் பார்த்து, "எம்படகுல போவலாங்க. தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி கௌம்பணும்" என்றார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"கெட்டியான சீலையா கட்டிக்க ஞானம். அங்க அலை மேல அடிக்கும்."